நாலு பேர் வேண்டும்

(உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி ஈப்போவில் கூடிய தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)

 

எய்ட்ஸ் நோயை எதிர்க்கும் பணியில் சமயங்களின் பங்கு என்ன என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. தலைப்போ பெரியது. நான் டாக்டருக்குப் படித்தவனல்லன். சமய நூல்களைக் கரைத்துக் குடித்தவனுமல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து செக்ரோல் எழுதியவன். உங்கள் பெயருக்கு நேரே வேலை நாளைக் குறித்தவன். பால் எடை சரியில்லை என்று நீங்கள் சண்டைக்கு வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கணக்கை மறுபடியும் பார்த்தவன். அப்படிப்பட்டவனை ஏன் பேச அழைத்தீர்கள் என்று காரியதரிசியைக் கேட்டேன். "ஐயா, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

எனக்குத் தெரிந்தது ஒரு சாவு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிரித்த கடிதம்

1997-ஆம் ஆண்டு. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். அந்தக் குடும்பத்தார் இன்றும் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். அப்போது அங்கே பால்மரங்கள் நின்றன. இன்று அந்த இடமெல்லாம் செம்பனை.

லயத்தில் ஒரு தகப்பனார், நல்ல பால்வெட்டுக்காரர். அவருடைய மூத்த மகன் பட்டணத்திற்கு வேலைக்குப் போனவன், இருபத்தாறு வயதில் இளைத்துத் துரும்பாகத் திரும்பி வந்தான். போதை ஊசிப் பழக்கம் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். சில வாரம் கழித்து ஒரு கடிதம் ஆபீசுக்கு வந்தது. லயத்துக்கு வரும் தபால் எல்லாம் அந்நாளில் ஆபீசுக்குத்தான் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிரித்துப் படித்துச் சொல்வது கிராணியின் வழக்கம். அந்த உறையையும் நான்தான் பிரித்தேன், படித்தேன். தகப்பனாரிடம் சொல்லுமுன் இன்னொருவரிடம் சொன்னேன்.

தோழர்களே, நான் செய்தது இவ்வளவுதான். கத்தி எடுக்கவில்லை, கல் எறியவில்லை. டீக்கடையில் ஒரு ஆளிடம், "யாரிடமும் சொல்லாதே" என்ற முன்னுரையோடு ஒரு வாக்கியம் சொன்னேன். மறுநாள் காலைப் பெரட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பொதுக் குழாயில் அந்த அம்மாள் தண்ணீர் பிடித்துவிட்டுப் போனால், அடுத்தவர்கள் குழாயைச் சாம்பல் போட்டுக் கழுவினார்கள். டீக்கடையில் தகப்பனாருக்கு மட்டும் தனிக் கிளாஸ் வைத்தார்கள். ஆயாக் கொட்டகையில் அந்த வீட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்க ஆளில்லை. திருவிழாவுக்கு அவர் கட்டிய உபயப் பணத்தைக் கோயில் கமிட்டியார் திருப்பிக் கொடுத்தார்கள். "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நயமாகத்தான் சொன்னார்கள்.

மூன்று மாதத்தில் பையன் இறந்தான். அன்று காலை அவன் தாய் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "ஐயா, நாலு பேரு வேணும்யா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

பாடை தூக்க நாலு பேர் வேண்டும். எண்பது குடும்பம் இருந்த தோட்டம் அது. தகப்பனார் ஒரு தோள் கொடுத்தார். பக்கத்து ஊர்ச் சிற்றாலயத்திலிருந்து சைக்கிளில் வந்த உபதேசியார் ஒருவர் இரண்டாவது தோள் கொடுத்தார். தோட்டத்து லாரி ஓட்டிய மலாய்க்காரப் பெரியவர் மூன்றாவது. நாலாவது தோள் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். நான் சம்பளப் பட்டியல் முடிக்க வேண்டும் என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். பள்ளிக்கூடத்துச் சட்டையோடு நின்ற அவன் தம்பி நாலாவது ஆளாகத் தோள் கொடுத்தான். மற்ற மூவரின் உயரத்துக்கு அவன் எட்டவில்லை. பாடை ஒரு பக்கம் சாய்ந்தபடியே போனது. அதை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று நாம் பேசுவதுண்டு. அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதற்கு அன்று நானூறு பேர் இருந்தோம். தூக்குவதற்கு நாலு பேர் இல்லை.

நோயைப் பற்றி நாம் அறிய வேண்டியது

பயத்துக்குக் காரணம் அறியாமை. ஆகையால் நோயைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுச் சமயத்துக்கு வருகிறேன்.

எச்.ஐ.வி. என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்லத் தின்னும் ஒரு கிருமி. கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் அது எய்ட்ஸ் என்னும் நிலைக்குக் கொண்டுபோகும். அது பரவும் வழிகள் சிலவே: பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் குத்திக்கொள்வது, கிருமி உள்ள இரத்தம், சிகிச்சை பெறாத தாயிடமிருந்து கருவுக்கோ பால் குடிக்கும் குழந்தைக்கோ. ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதால் பரவாது. ஒரே கிளாசில் டீ குடிப்பதால், ஒரே பந்தியில் சாப்பிடுவதால், கொசு கடிப்பதால், கட்டித் தழுவுவதால் பரவாது. பாடை தூக்குவதாலும் பரவாது.

மலேசியாவில் இந்நோய் முதன்முதலாக 1986-இல் கண்டறியப்பட்டது. 2002-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாகப் பதிவானவர் ஏறக்குறைய 7,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் போதை ஊசி வழியாக நோய் கண்டவர்கள். அண்மை ஆண்டுகளில் புதியவர் எண்ணிக்கை ஆண்டுக்கு 3,000-ஐ ஒட்டி நிற்கிறது. இப்போது பரவுவது பெரும்பாலும் உடலுறவு வழியாக. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று அளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அச்சான்றைப் பெற்ற முதல் நாடு நம்முடையது. கர்ப்பிணித் தாய்மார்களுக்குக் கிளினிக்கில் எடுக்கிறார்களே இரத்தப் பரிசோதனை, அதன் பயன் இது.

இன்று மருந்து இருக்கிறது. நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் இந்நோய் உள்ளவர் மற்றவரைப் போலவே வேலை செய்து, மணம் முடித்து, பிள்ளை பெற்று, முதுமை காணலாம். இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவு வழியாகக்கூட அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது. இது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை.

அப்படியிருக்க, ஏன் இன்னும் சாகிறார்கள்? பலர் பரிசோதனைக்குப் போவதில்லை; போவோரும் உடம்பு முற்றிலும் கெட்ட பிறகே போகிறார்கள். ஏன் போவதில்லை? வெட்கம். மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நோயாளி லயத்தில் இருக்கிறான், இரண்டுக்கும் நடுவே வெட்கம் என்ற வேலி நிற்கிறது. அந்த வேலியைப் பிடுங்கும் வல்லமை டாக்டருக்குக் குறைவு. அது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் உண்டு. ஏனென்றால் அந்த வேலியை நட்டதில் அவற்றுக்கும் பங்குண்டு. நான் சொல்ல வந்தது இதுதான்.

வேப்பிலை கட்டிய வாசல்

நம் பெரியவர்களுக்கு நோயாளியை மதிக்கத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் எழுந்தது எதனால்? கடல் கடந்து வந்த நம் பாட்டன் பூட்டன்மார் காட்டை அழித்து லயம் போட்ட இடமெல்லாம் ஒரு சூலத்தை நட்டு அந்தத் தாயைக் கும்பிட்டார்கள். மழைக்கும் அவளே, அம்மைக்கும் அவளே.

ஒரு வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்தார்கள்? "நோய் வந்திருக்கிறது" என்று சொல்லவே மாட்டார்கள். "தாய் வந்திருக்கிறாள்" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, உரத்துப் பேசக் கூடாது, சண்டை கூடாது. கூழும் இளநீரும் பக்கத்து வீட்டிலிருந்து வாசல் வரை வரும். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் அந்த லயமே மூச்சு விடும். "இவன் என்ன பாவம் செய்தான், இவனுக்கு ஏன் அம்மை போட்டது" என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால் நாக்கு அழுகிவிடும் என்று பயந்தார்கள்.

பக்திக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. அம்மை குத்திக்கொள்வது தாய்க்கு ஆகாது என்று ஊசிக்குப் பயந்து பிள்ளைகளை ஒளித்து வைத்தவர்களும் இருந்தார்கள். பெரியம்மை உலகை விட்டு ஒழிந்தது என்று 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. அதை மறக்கலாகாது. ஆனால் ஊசி வருமுன்பும் வந்த பிறகும் நோயாளியை மனிதனாக வைத்திருந்தது அந்த வேப்பிலை வாசல். அதையும் மறக்கலாகாது.

அதே மாரியம்மனின் கோயிலில்தான் அந்தத் தகப்பனாரின் உபயப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தாயின் கோயில் மாறவில்லை, நாம் மாறிவிட்டோம். அம்மைக்குக் கேட்காத கேள்வியை இந்த நோய்க்குக் கேட்டோம்: "என்ன செய்து வாங்கிக்கொண்டான்?"

சாபம் என்று சொன்னவர்களும் கதவைத் திறந்தவர்களும்

இந்தக் கேள்வியைக் கேட்டது நாம் மட்டுமா? இல்லை. நோய் தோன்றிய காலத்தில் உலகத்தின் பல மேடைகளிலிருந்து, பல சமயத்தார், இது கடவுளின் தண்டனை என்று முழங்கினார்கள். அதைக் கேட்ட நோயாளி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் அன்னை தெரேசா அங்கே எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் திறந்தார். வீட்டாரும் கைவிட்டவர்களை அவருடைய கன்னியர் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசி மூச்சுவரை உடன் இருந்தார்கள். அதற்கு இடமும் ஆதரவும் தந்தது அந்நகரத்துக் கத்தோலிக்கத் திருச்சபை. நான்கே ஆண்டுகள் கழித்து, 1989 டிசம்பரில், அதே திருச்சபையின் பேராலயத்தின் முன்னே ஆயிரக்கணக்கானோர் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஆணுறையைப் பற்றிப் பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதைத் திருச்சபை எதிர்க்கிறது, அதனால் இளைஞர்கள் சாகிறார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. சிலர் பூசை நடக்கும்போதே உள்ளே புகுந்து கூச்சலிட்டார்கள். அது முறையா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. சாகப்போகிறவனின் பக்கத்தில் உட்கார்ந்தது ஒரு சமயம்; சாகாமல் தப்பும் வழியைச் சொல்லத் தயங்கியதும் அதே சமயம். சமயத்தைப் போற்றுவதற்கும் கண்டிப்பதற்கும் ஒரே ஊரில் காரணம் இருந்தது.

இனிக் கதவைத் திறந்தவர்கள் சிலரைச் சொல்கிறேன். எல்லாச் சமயத்தாரும் இதில் இருக்கிறார்கள்.

நம் முன்னோரின் தமிழ்நாட்டிலிருந்து தொடங்குவோம். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்தார்கள். சோதனை செய்யும் வசதி சென்னையில் இல்லை. இரத்தக் குழாய்களை எடுத்துக்கொண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே ஆறு பெண்களின் இரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது இவ்வாறே. அந்த வேலூர் ஆஸ்பத்திரியை, ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று பிரசவத்தில் பெண்கள் சாவதைப் பார்க்கப் பொறுக்காத ஐடா ஸ்கடர் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். ஊரார் வெட்கப்பட்டு ஒதுக்கிய பெண்களுக்காகத் தொடங்கிய இடத்தில், எண்பத்தாறு ஆண்டு கழித்து, ஊரார் வெட்கப்பட்டு ஒதுக்கிய வேறு பெண்களின் இரத்தம் உண்மையைச் சொன்னது. சுனிதி அம்மையார் 1993-இல் சென்னையில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கென ஒரு நிலையத்தை நிறுவி, 2015-இல் மறையும்வரை அவர்களுக்காகவே உழைத்தார்.

அதே தமிழ்நாட்டில் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகம் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு நாடெங்குமிருந்து திருநங்கையர் வந்து கூடுகிறார்கள். அரவானுக்கு மாலையிட்டுத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியறுத்து அழுகிறார்கள். ஊர் ஒதுக்கியவர்களுக்கு ஒரு சாமி இடம் கொடுத்திருக்கிறது. அந்தத் திருவிழாவையே எய்ட்ஸ் விழிப்புப் பணிக்குரிய களமாக்கினார்கள் தொண்டர்களும் அரசாங்கச் சுகாதாரப் பணியாளர்களும். வேறெங்கும் ஒளிந்து வாழ்கிறவர்கள் அங்கே தலைநிமிர்ந்து வருகிறார்கள். அதனால் சொல்வதைக் கேட்கிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1998-இல் மலேசிய இஸ்லாமிய மருத்துவச் சங்கத்தார், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கோலாலம்பூரில் 'ருமா சொலேஹா' என்னும் இல்லத்தைத் தொடங்கினார்கள். கணவனால் நோய் வந்து, கணவன் வீட்டாராலும் பிறந்த வீட்டாராலும் விரட்டப்பட்ட பெண்களுக்கு அது கூரையானது. மலேசியன் கேர் என்னும் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு சிறைக் கைதிகளிடையேயும் போதையில் விழுந்தவர்களிடையேயும் இந்நோயாளிகளிடையேயும் பணி செய்தது.

எல்லாவற்றிலும் என்னை வியக்க வைத்தது ஒரு பள்ளிவாசல். போதை ஊசியால் பரவுவதைத் தடுக்க, 2005-இல் மெத்தடோன் என்னும் குடிமருந்து கொடுக்கும் திட்டத்தை நம் அரசாங்கம் தொடங்கியது. ஊசிக்குப் பதிலாக நாள்தோறும் ஒரு அளவு மருந்தை வாயால் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். 2006-இல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தது. "போதைக்காரனுக்கு அரசாங்கமே ஊசி கொடுப்பதா?" என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது, சமயப் பெரியோரிடையேயும் எழுந்தது. பெரிய தீங்கைத் தடுக்கச் சிறிய தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்னும் இஸ்லாமியச் சட்ட நெறியை எடுத்துக்காட்டி அறிஞர்கள் அதற்கு வழி திறந்தார்கள். 2010-இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே பல்கலைக்கழக மருத்துவர்களின் துணையோடு மெத்தடோன் கொடுக்கலானார்கள். போதைக்கு அடிமையானவன் வழக்கமாகப் போலீஸ் நிலையத்தின் வாசலில்தான் நிற்பான். அவனைத் தொழுகைக்கு வருவோர் நிற்கும் வாசலில் நிற்க வைத்தார்கள். மருந்தும் பெற்றான், தொழுகையில் தோளோடு தோள் நிற்கவும் இடம் பெற்றான்.

நமக்கு வடக்கே தாய்லாந்தில், 1997-இல் சியாங் மாய் நகரத்தில் புத்த பிக்குகள் 'சங்க மெத்தா' என்னும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிக்குகள் முதலில் நோயைப் பற்றிப் பாடம் படித்தார்கள். பிறகு நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். அவர்கள் சமைத்துப் போட்ட பிச்சையை ஊரார் கண்முன்னே ஏற்று உண்டார்கள். ஆயிரம் துண்டுப்பிரசுரம் செய்யாத வேலையை அந்த ஒரு கவளம் செய்தது.

கடைசியாக ஆப்பிரிக்காவில் உகாண்டா. அங்கே 1992-இல் கிதியோன் பியாமுகிஷா என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார், தமக்கு இந்நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். பதவி போகும், மானம் போகும் என்று தெரிந்தே சொன்னார். ஆப்பிரிக்காவில் அப்படி அறிவித்த முதல் சமயத் தலைவர் அவர். அதே நாட்டில் இஸ்லாமிய மருத்துவர்கள் இமாம்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். ஆணுறையைப் பற்றிப் பேச முதலில் மறுத்த இமாம்கள், மக்கள் சாவதைப் பார்த்துப் பார்த்து, பிறகு அதையும் பேச இசைந்தார்கள்.

இவர்கள் யாரும் தங்கள் சமயத்தை விட்டுவிடவில்லை. ஒழுக்கத்தைக் கைவிடவும் இல்லை. கேள்வியின் வரிசையை மட்டும் மாற்றினார்கள். "எப்படி வந்தது?" என்பதை முதலில் கேட்கவில்லை. "சாப்பிட்டாயா? மருந்து எடுத்தாயா?" என்பதை முதலில் கேட்டார்கள். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பும் வருகிறவனின் குலத்தையும் கோத்திரத்தையும் கேட்கவில்லையே! பசி ஒன்றைத்தான் கேட்டது.

மருந்தின் விலை

தொழிற்சங்கத்தார் இதையும் அறிய வேண்டும். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் நல்ல சிகிச்சை 1996-இலேயே உலகத்தில் வந்துவிட்டது. நான் சொன்ன பையன் இறந்தது 1997-இல். மருந்து இருந்தது, அது ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. காப்புரிமை என்ற பூட்டுப் போட்டிருந்தார்கள் கம்பெனிக்காரர்கள்.

உலகெங்கும் நோயாளிகளும் தொண்டர்களும் சமய அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அந்தப் பூட்டை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2001-இல் இந்தியாவின் சிப்லா கம்பெனி, ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு 350 அமெரிக்க டாலர் என்ற விலைக்குத் தொண்டு நிறுவனங்களுக்கு மருந்து தர முன்வந்தது. 2003-இல் நம் மலேசிய அரசாங்கம் காப்புரிமையை மீறிச் செல்லத் தனக்குள்ள சட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தி, இந்தியாவிலிருந்து மலிவான மருந்தை இறக்குமதி செய்தது. ஆசியாவில் இதில் முன்னின்ற நாடுகளில் நம்முடையது ஒன்று என்று நாம் பெருமைப்படலாம். சிகிச்சைச் செலவு பெருமளவு குறைந்தது. பின்னர் முதல் வரிசை மருந்துகள் குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே கிடைக்கலாயின.

விலை என்ற பூட்டு திறந்துவிட்டது. வெட்கம் என்ற பூட்டு நம் கையில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

நான் தீர்மானம் எழுதிப் பழகியவன். ஆகையால் செய்ய வேண்டியதை நாலாகச் சொல்கிறேன்.

முதலாவது, கிராணிமார்களுக்கு. தொழிலாளியின் மருத்துவக் கடிதம் அவனுடைய சொத்து. அதைப் பிரிக்காதீர்கள், அவன் கேட்டுப் பிரித்தால் அவனிடம் மட்டும் சொல்லுங்கள். வேலையிடத்தில் இந்நோயைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கலாகாது, இரகசியம் காக்க வேண்டும் என்று நம் நாட்டின் வேலையிடப் பாதுகாப்புச் சுகாதார இலாகா 2001-லேயே நெறிமுறை வெளியிட்டது. அனைத்துலகத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2010-இல் இதையே பரிந்துரையாக நிறைவேற்றியது. கிளைக் காரியதரிசிகள் இவற்றை அறிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு தொழிலாளி இதன் பொருட்டு வேலை இழந்தால் அது சங்கத்தின் வழக்கு.

இரண்டாவது, கோயில் கமிட்டியார்களுக்கு. யாருடைய உபயத்தையும் நோயின் பேரால் திருப்பாதீர்கள். கல்லுமலைத் தைப்பூசத்துக்கு வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். அதில் ஒரு பந்தலில் சுகாதாரக் கிளினிக் தாதியரை உட்கார வையுங்கள். கேட்பவர் கேட்டுப்போகட்டும். தோட்டத்துத் தீமிதித் திருவிழாவில் ஒலிபெருக்கி இரவெல்லாம் பாடுகிறதே, பத்து நிமிஷம் இதைப் பற்றிப் பேசட்டும். ஆணுறை என்ற சொல்லைக் கோயில் வாசலில் சொல்ல நாக் கூசுகிறது என்பீர்கள். எனக்கும் கூசுகிறது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வருவதைக் காட்டிலும் நாக் கூசுவது மேல்.

மூன்றாவது, எல்லாச் சமயப் பெரியோர்களுக்கும். இன்று நம் தோட்டங்களில் வேலை செய்வோரில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடக்கும் மருத்துவச் சோதனையில் இந்நோய் தெரிந்தால் வேலை செய்ய அனுமதி இல்லை, ஊருக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒரு காலத்தில் கப்பலில் வந்த நாம் இதை அயலான் கதை என்று விட்டுவிடலாமா? அவர்களுக்கு ஆறுதல் சொல்லவும், ஊருக்குத் திரும்பிய பின் மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டுச் சொல்லவும் சூராவாலும் கோயிலாலும் முடியும்.

நாலாவது, இங்கே உட்கார்ந்திருக்கும் நம் எல்லோருக்கும். உங்கள் பிள்ளையோ, அண்ணன் தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு நாள் உங்களிடம் வந்து, "எனக்கு இந்த நோய் இருக்கிறது" என்று சொல்லலாம். அவர் சொல்லும்போது உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். அந்த ஒரு நிமிஷத்தில் உங்கள் முகம் என்ன சொல்கிறதோ அதை வைத்துத்தான் அவர் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் போகாமலிருப்பதும். அப்போது பெரிய உபதேசம் வேண்டாம். "வா, உட்கார், ஒரு டீ குடி" என்று நீங்கள் குடிக்கும் அதே மாதிரிக் கிளாசில் கொடுங்கள்.

முடிவாக

பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தாயை ஒரு கலியாண வீட்டில் சந்தித்தேன். கடிதத்தைப் பிரித்தவன் நான், சொன்னவன் நான் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அழுவாள் அல்லது ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அது தெரியும்யா. அன்னிக்கு நீங்க வெளியே வருவீங்கன்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

தோழர்களே, நான் வதந்தி பரப்பியதை அவள் மன்னித்திருந்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றதுதான் அவள் மனத்தில் இருந்தது.

சமயம் என்பது என்ன, அதன் பங்கு என்ன என்று என்னைக் கேட்டால், அந்த உபதேசியாரையும் லாரிக்காரப் பெரியவரையும்தான் காட்டுவேன். ஒருவர் சிலுவை போட்டிருந்தார். ஒருவர் சொங்கோ போட்டிருந்தார். தூக்கியதோ மாரியம்மன் பிள்ளையை. அவர்கள் அன்று எந்த வேதத்தையும் ஓதிக் காட்டவில்லை. குனிந்து தோள் கொடுத்தார்கள்.

இந்த மாநிலத்தில் எந்தத் தோட்டத்திலும், எந்தத் தாமானிலும், இந்நோயால் ஒருவர் படுத்தால் அவர் வீட்டு வாசலுக்கு முதலில் போகும் நாலு பேர் நம் சங்கத்து ஆட்களாக இருக்கட்டும். பாடை தூக்குவதற்காகப் போக வேண்டாம். அவரைக் கைபிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காகப் போவோம். அந்த நாலு பேரில் ஒருவனாக என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் தோள் இன்னும் இருக்கிறது.